அகப்பை முன்னே சாயும்போது

அக்கா,

கருவி கொழும்புத் துறைமுகத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. இன்று காலை உன் மகள் டிலானி கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்துச் சொன்னாள். பொருளைச் சுங்கத்திலிருந்து எடுத்த முகவர் அவளுக்கு அனுப்பிய படம் இப்போது என் கைத்தொலைபேசியிலும் இருக்கிறது. சப்பாத்துப் பெட்டியைவிடச் சற்றுப் பெரிய, சாம்பல் நிறப் பொருள். முன்புறத்திலிருந்து ஓர் இரும்புக் கை நீள்கிறது. கையின் நுனியில் ஒரு கவ்வி. இழுத்துச் செல்லப்படும் காரின் பிறேக் மிதியை அது பிடித்துக்கொள்ளும். முன்னால் போகும் பெரிய வாகனம் வேகம் குறைந்தால் மிதியை அழுத்தும். உறுதியான செய்தி இவ்வளவுதான்.

செய்தி வந்தபோது நான் உன் காருக்குள் இருந்தேன். தர்மபுரத்தில், உங்கள் வளவில், பஸ்ஸுக்குப் பின்னால், நீ விட்ட இடத்திலேயே அது நிற்கிறது. கதவைத் திறந்ததும் வெயிலில் காய்ந்த றெக்சின் மணம் வந்தது. அதற்கு அடியிலிருந்து, மெதுவாக, உன் முழங்காலுக்குப் பூசும் தைலத்தின் மணம். கண்ணாடியை இறக்கினால் போய்விடும் என்று இறக்காமல் இருந்தேன். பிறேக் மிதியின் றப்பரில் வரிகள் இல்லை. நீ செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் சேர்த்து அழுத்துவாய். அது கூழாங்கல் மாதிரி வழுவழுத்துப் போயிருக்கிறது.

இத்தனையும் உன் ஒரு சொல்லால் வந்தது, அக்கா. அத்தான் ஓய்வு பெற்ற பிறகு இனி எங்கே இருப்பது என்று கேட்டார். வாழ்நாள் முழுவதும் பஸ் ஓட்டியவர்; மலையகத்திலிருந்து வந்து தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியேறிய வீட்டுப் பிள்ளை. கடல் அவருக்குக் கலியாணத்தோடு வந்த சொந்தம். நீ முல்லைத்தீவு என்றாய். அப்பாவின் தென்னங்காணி கிடக்கிறது, சின்னதாக ஒரு வீடு கட்டுவோம் என்றார் அவர்.

“கடற்கரையிலை சுவருக்குள்ளை படுக்கமாட்டன்,” என்றாய். “எழும்பி ஓடக்கூடிய வீடெண்டால் சொல்லுங்கோ, வாறன்.”

நான் சிரித்தேன். அத்தான் சிரிக்கவில்லை. கடல் உள்ளே வந்த காலையில் நீ எங்கே நின்றாய் என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு யுத்தத்தில், உழவு இயந்திரப் பெட்டியில், கழற்றிய கதவு நிலைகளுக்கும் கூரைத் தகடுகளுக்கும் மேலே உட்கார்ந்து, ஊர் ஊராக நாங்கள் போனதும் தெரியும். அந்தப் பெட்டியை அவரே சில நாள் ஓட்டியிருக்கிறார். சில கிழமைகளில் ஒரு பழைய பஸ் வளவுக்குள் வந்து நின்றது. இருக்கைகளைக் கழற்றினார்கள். நடுவில் கட்டில், பின்பக்கம் குசினி, கூரையில் தண்ணீர்த் தாங்கி. முன்கண்ணாடிக்கு மேலே உன் மாதாவும் அவருடைய முருகனும் பக்கத்தில் பக்கத்தில்.

குசினியின் பின்கண்ணாடி ஓரத்தில் ஒரு கொளுக்கி வைத்து நீ அகப்பையைத் தொங்கவிட்டாய். அது பிற்பாடு எவ்வளவு பெரிய விஷயமாகப் போகிறது என்று அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது.

பஸ் கடற்கரைக்குப் போய் நின்றால் நின்றதுதான். மீன் வாங்கவோ கிளினிக்குக்குப் போகவோ அதைக் கிளப்ப முடியாது. எங்கள் ஒழுங்கைகள் கொள்ளாது. உனக்கு அதற்கு மேலும் ஒரு கேள்வி இருந்தது: பஸ் ஸ்டார்ட் வராவிட்டால்? ஆகவே பின்னால் ஒரு காரை இழுத்துக்கொண்டு போவதென்று முடிவாயிற்று. கனடாவில் இப்படிப் போகிறவர்கள் உண்டு என்று டிலானி சொன்னாள். அவள் அங்கே ஏரிக்கரைகளில் பார்த்திருக்கிறாள்.

எந்தக் கார் என்பதில் இரண்டு மாதம் போனது. முதலில் வந்தது புதுசான, கியர் தானே மாறும் ஓட்டோ கார். உள்ளே குளிரூட்டி, எல்லாம் மினுக்கம். டிலானி தொலைபேசியிலேயே அதைத் திருப்பி அனுப்பினாள். “வேண்டாம் மாமா. எஞ்சின் நிண்டால் கியர்பொக்சுக்கு எண்ணெய் சுத்தாது. சில்லு மட்டும் உருண்டுகொண்டு போகும். முல்லைத்தீவுக்குப் போய்ச் சேர முதல் உள்ளுக்குள்ளை எரிஞ்சு போயிடும்.” இரண்டாவது, அத்தான் ஆசைப்பட்ட ஜீப். நீ அதைச் சுற்றி ஒருமுறை நடந்தாய்.

“இது எங்களுக்குப் பின்னாலை வராது,” என்றாய். “பிறேக் பிடிச்சால் எங்களைத்தான் கொண்டுபோகும்.”

“நல்ல வண்டி புள்ள.”

“நல்ல வண்டிதான். அது எங்களை இழுக்கட்டும், நீங்கள் பின்னாலை இருங்கோ.”

மூன்றாவது இந்த வெள்ளைக் கார். கைக் கியர், சின்ன உடம்பு, கதவில் ஒரு நெளிவு. நீ கியரை நியூட்ரலில் போட்டாய், சாவியை ஒரு படி திருப்பி ஸ்டியரிங் பூட்டை விடுவித்தாய், இறங்கிப் பின்னால் போய் ஒரு கையால் தள்ளினாய். கார் மணலில் சத்தமில்லாமல் நகர்ந்தது. “ஒரு கைக்கு வருகுது. இது காணும்,” என்றாய். பின்னால் இழுபடும் கார் எப்படி இருக்க வேண்டும் என்று பிறகு நான் எத்தனையோ வாசித்தேன். எல்லாம் சுற்றி வந்து அந்த ஒரு கையில்தான் நின்றன.

காரைப் பஸ்ஸோடு இணைக்கும் கொளுவியில்தான் பிழை விட்டோம். முரசுமோட்டையில் இரும்பு ஒட்டுவேலை செய்யும் செல்வத்திடம் கொடுத்தோம். அவன் முக்கோணமாக ஒரு நல்ல கம்பிச் சட்டம் செய்தான், பஸ்ஸின் பின்னால் கொளுவும் இடத்தில் ஒரு வளையமும் ஊசியும் வைத்தான். உழவு இயந்திரப் பெட்டிக்கு வைக்கிற அதே வளையம், அதே ஊசி. வன்னியில் ஒன்றை ஒன்று இழுக்கிறது என்றால் எங்கள் எல்லோருடைய மனதிலும் வருவது அந்தப் பெட்டிதான்; எங்களில் ஒருவருக்கும் அது பிழையாகப் படவில்லை. பெட்டிக்கு ஊசி வளையத்துக்குள் ஆட வேண்டும், வயலும் வரம்பும் ஏறி இறங்குவதற்கு. தார் வீதியில் அப்படியல்ல. முதல் ஓட்டத்திலேயே தெரிந்தது: அத்தான் பிறேக்கைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் கார் முன்னே உருண்டு வந்து பஸ்ஸில் ‘டக்’ என்று தட்டியது.

“அம்மா, அது ட்ரக்டர் பெட்டியில்லை, கார்,” என்று டிலானி அங்கேயிருந்து கத்தினாள். ஆடாத கொளுவி ஒன்று வாங்கும்படி சொன்னாள், காருக்குள் பிறேக் பிடிக்கிற கருவி ஒன்று இருக்கிறது, அதையும் அனுப்புவதாகச் சொன்னாள்.

“ஒண்டும் அனுப்பாதை,” என்றாய் நீ. “நான் பின்னாலை ஏறி இருக்கிறன்.”

அப்படித்தான் நீ உன் வீட்டின் பிறேக் ஆனாய். பஸ் மெதுவாகும்போது நீ காரை அளவாகப் பிடித்தால் ஊசி எப்போதும் இழுபட்டே இருக்கும், தட்டாது. கூடப் பிடித்தால் பஸ்ஸைப் பின்னுக்கு இழுக்கும். குறையப் பிடித்தால் ‘டக்’. எஞ்சின் ஓடாத காரில் பிறேக் மிதி இரண்டு மூன்று அழுத்தலோடு கல்லாகிவிடும். அதனால்தான் இரண்டு கால். எப்படி அளவு தெரிகிறது என்று நான் கேட்டேன். நீ முன்னால் காட்டினாய், பஸ்ஸின் பின்கண்ணாடிக்குள் தொங்கிய அகப்பையை.

“சிவப்பு லைற் எப்ப எண்டு சொல்லும். அகப்பை எவ்வளவு எண்டு சொல்லும்.”

பார்த்தேன். அத்தான் மெல்லப் பிடித்தால் அகப்பை மெல்ல முன்னே சாய்ந்தது. கூடப் பிடித்தால் கூடச் சாய்ந்தது. அது சாய்ந்த அளவுக்கு உன் பாதங்கள் இறங்கின.

அந்த முதற் பயணத்தில் உன் பக்கத்து இருக்கையில் நான் இருந்தேன். இவ்வளவு காலம் செய்திக்காக அந்த வீதியில் போய் வந்திருக்கிறேன், மோட்டார் சைக்கிளில், வானில், லொறியின் மேலே. அப்படி ஒரு போக்கை அறிந்ததில்லை. எஞ்சின் இல்லை. கியர் இல்லை. நாங்கள் ஒன்றும் செய்யாமலே போய்க்கொண்டிருந்தோம். பஸ்ஸின் இரைச்சல் முன்னால் எங்கோ தூரத்து மழை மாதிரி கேட்டது. காருக்குள் காற்று மட்டும். விசுவமடுவில் ஒரு பெண் மதிலில் நெல்லுச் சாக்கை உதறியதை அந்தச் சாக்கின் சத்தத்தோடு கேட்டேன். ஒரு குளத்தில் தாமரை இலைகள் காற்றில் புரண்டு வெள்ளை முதுகைக் காட்டின. பனைகள் ஒவ்வொன்றாக வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போயின. நீ ஸ்டியரிங்கில் கை வைக்கக்கூட இல்லை. அது தானாக மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

“இதிலை இருக்கேக்கை நான் போறமாதிரி இல்லை,” என்றாய். “ஊர்தான் என்னைத் தாண்டிப் போறமாதிரிக் கிடக்கு. முந்தி ஒருக்காலும் இப்படி இல்லை. எப்பவும் நான்தான் ஊரைத் தாண்டிப் போனனான்.”

புதுக்குடியிருப்புக்கு அப்பால் நாங்கள் இருவரும் கதைக்கவில்லை. கடைசி யுத்தம் நடந்த அந்தத் துண்டு வீதியில் யாரும் அதிகம் கதைப்பதில்லை. அகப்பை மட்டும் ஆடியது.

வட்டுவாகல் பாலத்தில் நடந்ததை அத்தான் இன்றைக்கும் வருகிறவர்களுக்குச் சொல்கிறார். பாலத்தின் நடுவில் எதிரே ஐஸ் லொறி. இரண்டு வாகனம் ஒதுங்காத பாலம். பக்கத்தில் நந்திக்கடல் தண்ணீர். கம்பிச் சட்டத்தில் கொளுவிய காரோடு பின்னுக்கு எடுக்கவே முடியாது, கார் குறுக்கே மடங்கிவிடும். நீ இறங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, லொறிக்கு நடந்தாய்.

“தம்பி, கொஞ்சம் பின்னுக்கு எடும்.”

“ஏன் நான்? நீங்கள்தானே பிறகு ஏறினது. நீங்கள் எடுங்கோவன்.”

“எங்களாலை ஏலாது. வீட்டுக்கு றிவேர்ஸ் இல்லை.”

லொறிக்காரன் பஸ்ஸைப் பார்த்தான். யன்னலில் பூப்போட்ட திரைச்சீலை. கூரையில் தாங்கி.

“வீடோ? அப்ப அந்தப் பின்னாலை நிக்கிறது?”

“அது கேற்.”

அவன் சிரித்துச் சிரித்தே லொறியைப் பின்னுக்கு எடுத்தான். போகும்போது அத்தானிடம், “ஐயா, கேற்றை வடிவாப் பூட்டிக்கொண்டு போங்கோ,” என்றான். “ஓம் ஓம்,” என்றார் அத்தான். உன்னோடு இத்தனை வருடம் இருந்து அவர் பழகிய எங்கள் ஊர்ச் சொல் அந்த ஒன்றுதான் என்று நீ பகிடி பண்ணுவாய்.

காணியில் பஸ்ஸைக் கடலுக்கு முதுகும் வீதிக்கு முகமுமாக நிறுத்தச் சொன்னாய். காரையும் அப்படியே. சாவிகள் இரண்டும் அதனதன் இடத்தில். பிறகு கட்டிலில் படுத்தாய். பின்னேர வெயிலில், அலைச் சத்தத்துக்கு, வாய் திறந்து நித்திரை கொண்டாய். அத்தான் குசினிக் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டு நின்றார். “மச்சான், கடல் பக்கத்துல இவ தூங்கி நான் இப்பதான் பாக்குறேன்,” என்று மெதுவாகச் சொன்னார். ஆடாத கொளுவியை வாங்கவேண்டும் என்ற கதையும் அன்றோடு முடிந்தது. அவருக்கு அந்தத் தட்டுகிற கொளுவிதான் வேண்டும். தட்டவில்லை என்றால் நீ பின்னால் இருக்கிறாய் என்று அர்த்தம். முன்னால் இருந்து உன்னைக் காண முடியாது. கேட்காத சத்தத்தில்தான் உன்னைக் கேட்டுக்கொண்டு ஓட்டினார்.

பிறகு உனக்கு அந்த நோய் வந்தது. அதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். கடைசிப் பயணத்தைப் பற்றி மட்டும்.

அன்றைக்கும் நான் உன் பக்கத்தில் இருந்தேன். விசுவமடுவைத் தாண்டியதும், ஒரு மாடு குறுக்கே வர, சிவப்பு விளக்கு எரிந்தது, அகப்பை சாய்ந்தது, உன் பாதங்கள் மிதியில்தான் இருந்தன. மிதி இறங்கவில்லை. ‘டக்.’ பஸ் உடனே மெதுவானது. அத்தான் யன்னலால் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தார். நீ கையை வெளியே போட்டு, போங்கோ என்று ஆட்டினாய்.

“அவருக்குச் சொல்லாதை,” என்றாய். “சொன்னால் இதிலையே திருப்பிப்போடுவார். பிறகு ஒருக்காலும் கொண்டுபோகமாட்டார்.”

புதுக்குடியிருப்பில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார். அவர் கடைக்குள் போன நேரத்தில் நாங்கள் இருக்கை மாறினோம். உன் இடத்தில் நான். மிதியில் என் கால். நீ இடப்பக்கத்தில், தலையைக் கதவுக் கண்ணாடியில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டாய். அகப்பையைப் பார்த்துப் பிடிக்கிறேன் என்று நான் சொன்னேன்.

“அகப்பையைப் பாத்தால் பிந்திப்போம்,” என்றாய். “நான் சொல்லுறன்.”

பஸ் புறப்பட்டது. எஞ்சின் இல்லாத அந்த மௌனம் திரும்பவும் வந்தது. நீ நித்திரையாகிவிட்டாய் என்று நினைத்தேன். வளைவு ஒன்றுக்கு முன்னால் உன் உதடு அசைந்தது. “இப்ப.” அழுத்தினேன். அதற்குப் பிறகுதான் சிவப்பு விளக்கு எரிந்தது. அதற்கும் பிறகுதான் அகப்பை சாய்ந்தது. “கொஞ்சம் கூட... போதும்... விடு.” தட்டவில்லை. அடுத்த முறையும் அப்படியே. வீதியை நீ பார்க்கவில்லை, பஸ்ஸைப் பார்க்கவில்லை. அவர் கால் எடுக்கப்போகிறது என்பது அவர் எடுக்க முன்னமே உன்னிடம் வந்து சேர்ந்தது. எந்த வழியாக வந்தது என்று ஒரு செய்தியாளன் கேட்கவேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை. வட்டுவாகலில் தண்ணீர் இரண்டு பக்கமும் வெள்ளியாகக் கிடந்தது. பாலத்தில் நாங்கள் மிதந்து போவதுபோல் இருந்தது. “இப்ப,” என்றாய். “விடு,” என்றாய். கடல் மணம் வந்ததும் சொல்வதை நிறுத்தினாய். அதற்குள் என் காலுக்குப் பழகியிருந்தது.

அந்த முறை நீ கடற்கரையில் எட்டு நாள் இருந்தாய். வைத்தியர் வேண்டாம் என்று சொன்ன எட்டு நாள். நீ கேட்டதும் அதைத்தான்.

நீ போனதிலிருந்து அத்தான் பஸ்ஸை எடுப்பதில்லை. கிழமைக்கு ஒருமுறை எஞ்சினைப் போட்டு, கேட்டுவிட்டு, நிறுத்துகிறார். காணியில் தேங்காய் விழுந்து முளைக்கிறது. வேலி சரிந்துவிட்டதென்று பக்கத்துக் காணிக்காரர் இரண்டு முறை அறிவித்துவிட்டார். அவர் சொல்வது ஒன்றே: “பின்னால ஆள் இல்லாம நான் எடுக்க மாட்டேன்.” டிலானி அதைக் கேட்டுத்தான் கருவியை அனுப்பினாள். உன்னை மீறி அனுப்பியதற்குத் தன்னை ஏசக்கூடாதென்று சொல்லச் சொன்னாள்.

காருக்குள் இருந்தபடியே அவளிடம் எல்லாம் விசாரித்தேன். கருவி மிதிக்கும் இருக்கைக்கும் நடுவில் இருக்கும். காரின் மின்னில் ஓடும். கொளுவி தற்செயலாகக் கழன்றால் ஒரு கம்பி இழுபட்டுக் காரைத் தானே நிறுத்திவிடும். அது அழுத்தும்போது பஸ்ஸில் அத்தானுக்கு முன்னால் ஒரு சின்ன விளக்கு எரியும். வேகம் குறைவதை எப்படி அறிகிறது என்று கேட்டேன். உள்ளே ஏதோ ஒன்று முன்னே சாய்கிறதாம் மாமா, என்றாள்.

அதை அத்தானிடம் சொன்னபோது அவர் வாசலில் கதிரையில் இருந்து செருப்பின் வாரைத் திருத்திக்கொண்டிருந்தார்.

“அப்ப அகப்பைய உள்ள வச்சு அனுப்பிருக்கா,” என்றார். வாரை இழுத்துப் பார்த்துவிட்டு, “ஆனா அது பிந்தித்தான் புடிக்கும் மச்சான். அவ முந்திப் புடிப்பா.”

“கொஞ்சம் தட்டும்,” என்றேன்.

“தட்டும்.”

எவ்வளவு சீக்கிரம் பிடிக்கவேண்டும், எவ்வளவு அழுத்தவேண்டும் என்று அளவு வைக்க இரண்டு திருகி இருக்கிறது, அதை யாராவது ஓடிப் பார்த்துத்தான் வைக்கவேண்டும் என்றேன். அவர் செருப்பைக் கீழே வைத்தார்.

“நீங்கதான் வைக்கணும். அந்தக் கடைசித் தடவை புதுக்குடியிருப்புல இருந்து நீங்கதான மிதிச்சீங்க.”

நான் குனிந்து என் வலது காலைப் பார்த்தேன்.

“எனக்குத் தெரியும். கால் வேற. நேரம் அவளோடது.”

அன்றைக்கே பஸ்ஸைத் திருப்பியிருக்கலாமே என்று கேட்டேன். “அவ போகணும்னுதான இடம் மாறுனா,” என்றார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு எழுந்து, பஸ்ஸின் பின்கண்ணாடியைத் துணியால் துடைக்கப் போனார். உன் அகப்பை அங்கேயே தொங்குகிறது. அதைச் சமையலுக்கு எடுப்பதில்லை.

இனி நிலுவையில் இருப்பவை. கருவி சனிக்கிழமை லொறியில் பரந்தனுக்கு வந்து சேரும். முகவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். செல்வம் ஞாயிறு வருவான். கொளுவியை மாற்றட்டுமா என்று கேட்டான்; அத்தான் இன்னும் பதில் சொல்லவில்லை. இழுத்துச் செல்வதற்கு வாகனப் பரிசோதகரின் சம்மதம் வேண்டும். கருவியைப் பொருத்திய பிறகு, அடுத்த புதன்கிழமை கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறார். எல்லாம் சரிவந்தால் மாதா கோயிலில் கொடியேற முன்னர் பஸ் உன் தென்னைகளுக்குக் கீழே நிற்கலாம். நிற்கும் என்று எழுத எனக்கு இன்னும் ஆதாரம் இல்லை.

என்னிடம் இருப்பது ஒன்று உறுதி. நேற்றுக் கிளிநொச்சிக்குப் பஸ்ஸில் போனேன், முன் இருக்கையில். முரசுமோட்டை வளைவுக்கு முன்னால் என் வலது கால் தரையை அழுத்தியது. அதற்குப் பிறகுதான் றைவர் பிறேக் பிடித்தார்.